வேப்பூர் தாண்டி எங்களுக்காக நின்றவர்களுக்கு

வணக்கம். சென்ற சித்திரையில், சென்னையிலிருந்து திருச்சி போகும் நெடுஞ்சாலையில், உச்சி வெயிலில் ஒரு சாம்பல் நிறக் காருக்காக நின்றீர்களே, அந்தக் காரை ஓட்டியவன் எழுதுகிறேன். பதற்றத்தில் ஒருவர் பெயரையும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அதனால்தான் இப்படி ஊரறிய எழுத வேண்டியதாயிற்று.

உங்களுக்கு முன்னால் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். எனக்கு வண்டி ஓட்டக் கற்றுத் தந்த மாமா, அரசு பஸ் ஓட்டியவர், இன்று இல்லை. "டயர் வெடித்தால் பிரேக் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிடு" என்பார். அன்று 95 கிலோமீட்டர் வேகத்தில் வலப்பக்க முன் டயர் வெடித்தது. ஸ்டியரிங் கையைப் பிடுங்கிக்கொண்டு, நடுத்திட்டின் அரளிச் செடிகள் பக்கம் இழுத்தது. கால் பிரேக்கைத் தேடிப் போய்விட்டது, மாமாதான் தடுத்தார். மிதித்திருந்தால் பாரம் முழுவதும் முன்னால் சாய்ந்து, வெடித்த சக்கரத்தைச் சுற்றியே கார் திரும்பியிருக்கும். இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து நேராக வைத்துக்கொண்டு, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல மெல்ல எடுத்தேன். வேகம் முப்பதுக்கு இறங்கிய பிறகுதான் இடப்பக்கம் ஒதுங்கத் துணிந்தேன்.

ஒதுங்க இடம் கிடைத்தது உங்களால், லாரி அண்ணா. கார் தள்ளாடியதுமே லாரியை மெதுவாக்கி, பின்னால் வந்தவர்களை அணைகட்டியதுபோல் நிறுத்திக்கொண்டே வந்தீர்கள். வெயிலாயிற்றே, ஏசி போட்டுக் காருக்குள்ளேயே இருங்கள் என்று மனைவியிடமும் மகளிடமும் நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நீங்கள் இருவரையும் இறக்கி, சாலையை விட்டுத் தள்ளி மர நிழலில் நிற்க வைத்துவிட்டீர்கள். காருக்குப் பின்னால் வெகுதூரத்தில் ஒரு கிளையை ஒடித்துப் போட்டு, கிளம்பும்போது மறக்காமல் எடுத்தும் எறிந்தீர்கள். நானாக இருந்தால் அங்கேயே விட்டு வந்திருப்பேன்.

ஸ்டெப்னியில் காற்றில்லை என்று தெரிந்தபோது நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவமானம் கொஞ்சம் குறைந்திருக்கும்.

லாரி அண்ணா அழைத்ததும் பைக்கில் வந்த பஞ்சர் கடைத் தம்பி, ஸ்டெப்னியைக் கொண்டுபோய்க் காற்றடித்து வந்து, காற்றுக்கு மட்டுமே காசு வாங்கிக்கொண்டாய். கிழிந்த டயரின் பக்கவாட்டில் இருந்த 1416 என்ற எண்ணைக் காட்டி, "2016ஆம் ஆண்டின் பதினான்காவது வாரத்தில் செய்தது சார். டயரில் தரையைத் தொடும் பட்டன் தேயவில்லை என்று பார்த்திருப்பீர்கள், ரப்பர் கிழடாகிவிட்டது" என்றாய். பழைய கார் வாங்கியபோது நான் பார்த்தது பட்டனை மட்டும்தான். கோடை என்பதால் காற்றைக் குறைத்து வைத்ததையும் கேட்டு வாங்கினாய். காற்று குறைந்தால் டயர் நெளிந்து நெளிந்து இன்னும் சூடாகும் என்பதை நாற்பத்தாறு வயதில் உன்னிடம்தான் தெரிந்துகொண்டேன், தம்பி. இப்போது ஸ்டெப்னியோடு ஐந்தும் புதிது. கதவோரம் ஒட்டியிருக்கும் அளவின்படி, டயர் சூடேறும் முன்பே காற்றுப் பார்க்கிறேன்.

வெள்ளரிப்பிஞ்சு விற்ற அம்மா, என் மகள் இன்னும் உங்களைக் கேட்கிறாள்.

லாரி அண்ணா, ஒரு செய்தி. கார் உருளாமலிருக்கச் சக்கரத்துக்கு நீங்கள் கொடுத்த முட்டுக்கட்டை என் டிக்கியிலேயே வந்துவிட்டது. அடுத்த மாதம் அந்த வழியாக வரும்போது தம்பியின் கடையில் கொடுத்து வைக்கிறேன். வாங்கிக்கொள்ளுங்கள்.