மாங்குளத்தில் நின்று உதவிய அண்ணாவுக்கு நன்றி

போன மாதம் அம்மாவைக் கிளிநொச்சிக்குக் கூட்டிக்கொண்டு போகும்போது, மாங்குளத்துக்குக் கிட்ட ஏ9 வீதியில் தானாகக் கியர் மாறும் எங்கள் பழைய ஓட்டோ கார் இரண்டாம் கியருக்கும் மூன்றாம் கியருக்கும் இடையில் மாறி மாறித் திரும்பவும் உதறத் தொடங்கியது. முதலே ஒரு கராஜில் கியர்பொக்ஸையே மாற்றச் சொல்லியிருந்தார்கள், அந்தக் காசுக்கு நான் எங்கே போவேன்.

பேர் சொல்லாமல் போன அண்ணா, நீங்கள் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, எஞ்சின் சூடாக ஓடும்போதே கியரை எல்லா நிலைக்கும் போட்டு, 'பார்க்' நிலையில் விட்டு, கியர்பொக்ஸ் ஒயில் கோலை இழுத்துப் பார்த்தீர்கள். அளவு சரி, நிறம் சிவப்பு, கருகின மணமும் இல்லை. "கியர்பொக்ஸைக் கழற்ற விடாதேங்கோ தம்பி" என்றீர்கள். அப்புறம் எஞ்சினை நிறுத்தி, சாவியை மட்டும் ஒன் பண்ணி, எஞ்சினுக்குக் காற்று போகும் வழி எவ்வளவு திறக்கிறது என்று காரின் கணினிக்குச் சொல்லும் திரொட்டில் சென்சரில் வோல்ட் மீற்றரைப் பிடித்துக்கொண்டு என்னை அக்சிலேட்டரை மெல்ல அமத்தச் சொன்னீர்கள். அரை வோல்ட்டிலிருந்து நாலு வரை சீராக ஏற வேண்டியது ஒரே இடத்தில் விழுந்து விழுந்து எழும்பியது. அந்த அளவை நம்பித்தான் கணினி கியர் மாற்றுகிறது என்று எவ்வளவு பொறுமையாக விளங்கப்படுத்தினீர்கள்!

வவுனியாவில் சென்சர் வாங்கி மாற்றினேன். உதறலே இல்லை. உங்களுக்கு ஒரு தேத்தண்ணி கூடத் தரவில்லையே என்று அம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறா. மிக்க நன்றி அண்ணா.