நேரு ஸ்டேடியம்: ரசிகர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் எல்லோருக்கும் வணக்கம். சந்தா, புது உறுப்பினர், கூட்டங்கள் பற்றிய விவரமெல்லாம் உங்கள் கையில் உள்ள தாளில் இருக்கிறது, அதை மறுபடி வாசிக்கவில்லை. இந்த ஆண்டு நாம் எடுத்துக்கொண்ட பெரிய வேலை, இந்தியன் சூப்பர் லீக் கால்பந்துத் தொடரில் ஆடும் நம் கிளப் ‘சென்னையின் எஃப்.சி.’யின் சொந்த மைதானமான ஜவஹர்லால் நேரு ஸ்டேடியத்தின் வரலாற்றைத் தொகுப்பது. அதைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன்.

நம் தம்பிமார் பலருக்கு இந்த இடத்தின் கதை 2014-இல், கிளப் பிறந்தபோதுதான் தொடங்குகிறது. உண்மையில் இது பழைய கார்ப்பரேஷன் ஸ்டேடியம். 1956 முதல் 1965 வரை சென்னையின் டெஸ்ட் கிரிக்கெட் சேப்பாக்கத்தில் இல்லை, இங்கேதான் நடந்தது. 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தார்களே, அது இந்த மண்ணில்தான். அந்த உலக சாதனை 2008 வரை நின்றது. இங்கிலாந்தை இந்தியா முதன்முறையாகத் தொடரில் வென்றதும் 1962-இல் இதே இடத்தில்தான். அப்புறம் கிரிக்கெட் சேப்பாக்கத்துக்கே திரும்பிவிட்டது.

1993-இல் பழைய அரங்கை 260 நாட்களில் புதிதாகக் கட்டி எழுப்பினார்கள், அந்த ஆண்டு நேரு கோப்பை கால்பந்தும் இங்கே நடந்தது. 1995-இல் தெற்காசிய விளையாட்டுப் போட்டி. ஓட்டப் பந்தயத்துக்கும் சேர்த்துக் கட்டிய அரங்கம் என்பதால் கேலரிக்கும் புல்லுக்கும் நடுவே அந்தச் சிவப்பு டிராக். எதிர்ப்பக்கம் கோல் விழுந்தால் அடித்தது யார் என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்க வேண்டியிருக்கிறது, நம் மேளச் சத்தமும் பாதி வழியிலேயே கரைந்துவிடுகிறது. கால்பந்துக்கென்றே ஒரு அரங்கம் இந்த ஊருக்கு வேண்டும் என்பது என் உறுதியான கருத்து, ஆனால் அது வரும்வரை இதுதான் நம் வீடு.

அந்த வீட்டை இழந்து தவித்த காலமும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஊரே மூழ்கிக் கிடந்தபோது, கொல்கத்தாவுக்கு எதிரான நம் சொந்த மைதான அரையிறுதியைப் புனேயில் ஆட வேண்டியதாயிற்று. அங்கே 3-0 என்று ஜெயித்து, கோவாவில் நடந்த இறுதியில் 1-2 என்று பின்தங்கியிருந்த அணி கடைசி நிமிடங்களில் இரண்டு கோல் போட்டுக் கோப்பையை எடுத்ததே, தண்ணீர் வடியாத தெருக்களில் அன்று கேட்ட சத்தத்தை யார் மறக்க முடியும்? இரண்டாவது கோப்பை 2018-இல் பெங்களூருவில். கொரோனாவால் இரண்டு சீசன் முழுக்கக் கோவாவிலேயே போனது. ஆக, இதுவரை ஒரு கோப்பையையும் நம் கேலரிக்கு முன்னால் தூக்கவில்லை.

சரி, அடுத்த ஆண்டுக்கு வருகிறேன். ஸ்டேடியத்தின் வாசலில் இந்த வரலாற்றைச் சொல்லும் தகவல் பலகை ஒன்று வைக்கக் கோரி மனு கொடுக்கத் தீர்மானம் கொண்டுவருகிறோம், உங்கள் ஒப்புதல் வேண்டும். வீட்டில் கார்ப்பரேஷன் ஸ்டேடியம் காலத்துப் புகைப்படமோ டிக்கெட்டோ இருந்தால் கொண்டுவாருங்கள், ஸ்கேன் செய்து அன்றே திருப்பித் தருகிறோம். பெரியவர்கள் யாராவது அங்கே ஆட்டம் பார்த்திருந்தால் நாங்களே வீட்டுக்கு வந்து கேட்டுப் பதிவு செய்துகொள்கிறோம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார்.