ஊதச் சொல்லும் கருவி மட்டும் போதாது

ஐயா,

வணக்கம். பணியிடங்களில் புகை, மதுவுக்கு விதிக்கப்படும் கட்டுப்பாடுகள் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தகடுகளை வெட்டி வளைக்கும் பிரஸ் பிரிவில் நான் ஷிப்ட் சூப்பர்வைசர். தடை கட்டாயம் வேண்டும். தகட்டை அழுத்தும் அச்சான டை இறங்கும் நேரத்தில் கவனம் கொஞ்சம் பிசகினாலும் விரல் போய்விடும்.

ஆனால் எங்கள் வாசலில் ஊதச் சொல்லும் கருவியும், சிக்கினால் அன்றோடு வேலை போகும் என்ற நோட்டீஸும்தான் இருக்கின்றன. உடம்பு மதுவை எப்படிக் கழிக்கிறது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. 100 மி.லி. ரத்தத்தில் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம்தான் குறையும். நள்ளிரவில் 150 இருந்தால் காலை ஆறு மணிக்கும் கிட்டத்தட்ட 60 இருக்கும். காபியோ குளியலோ அதை வேகப்படுத்தாது. "தூங்கி எழுந்தாச்சு, சரியாகிடுச்சு" என்று நம்பி வருபவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள்.

இதைவிடக் கவலையான விஷயம் ஒன்று உண்டு. எங்கள் ஆள் ஒருவர் கருவியில் பூஜ்யம் காட்டி உள்ளே வந்தார். டையின் போல்ட்டில் ஸ்பேனரை வைக்க முடியாத அளவுக்குக் கை நடுங்கியது. பக்கத்தில் இருந்தவர் பேசாமல் ஸ்பேனரை வாங்கி முடுக்கிவிட்டார். நாள்பட்டுக் குடிப்பவருக்கு ரத்தத்தில் மது குறையும்போதுதான் இந்த நடுக்கம் வரும். திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். அவருக்குத் தேவை மருத்துவர். என்னிடம் வந்து சொன்னால் வேலை போய்விடுமே என்ற பயத்தில் இருவருமே வாய் திறக்கவில்லை. குடிப்பிரச்சினையை மற்ற நோய்களைப் போலவே அணுக வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996-லேயே நடைமுறை விதிகளில் சொல்லிவிட்டது.

அப்புறம், புகை. மேலாளர்களுக்கென்று இருக்கும் புகை அறையை மூட வேண்டும். எக்ஸாஸ்ட் ஃபேன் எவ்வளவு ஓடினாலும் நச்சு முழுதாகப் போகாது. அந்த அறையைப் பெருக்கும் அம்மாவும் இங்கே வேலை செய்பவர்தான்.

நிர்வாகங்களிடம் நான் கேட்பது இதுதான். தானாக முன்வந்து சொல்பவரை உடனே மெஷினிலிருந்து விலக்கி, சிகிச்சைக்கு விடுப்பு கொடுங்கள். திரும்பி வந்தால் வேலை உண்டு என்று எழுத்தில் தாருங்கள். மேலாளர்களும் அதே வாசலில் அதே கருவியில் ஊதட்டும்.

இப்படிக்கு,
ஒரு ஷிப்ட் சூப்பர்வைசர்