தாய்மாருக்கு முழுதையும் சொல்லு

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. சியரா லியோனில் ஊசி போட வரும் கைக்குழந்தைகளுக்கு மலேரியாக் குளிசையும் கரைத்துக் கொடுக்கிறீர்கள், ஆனால் சில தாய்மார் "காய்ச்சலே இல்லாத பிள்ளைக்கு ஏன் மருந்து?" என்று கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். எனக்கு அந்தக் கேள்வி நியாயமாகத்தான் படுகிறது. இங்கே வெள்ளவத்தையில் நமக்கு நுளம்பு என்றால் டெங்குதான், 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்கு மலேரியா இல்லாத நாடு என்று சான்றும் தந்துவிட்டது. அம்மாவிடம் கேட்டால் வேறு கதை. அந்தக் காலத்தில் வவுனியாவில் மலேரியா நுளம்புக்குச் சுவரில் மருந்தடிக்க வந்தவர்களோடு, நாற்றம் என்று ஊர்ச்சனம் சண்டை பிடித்தார்களாம், தெரிந்த மிட்வைஃப் வந்து சொன்னதும் அடங்கிவிட்டார்களாம்.

நீ சொல்வது சரி, ஊசியோடு சேர்த்துக் கொடுப்பதால் தாய்க்கு இன்னொரு நடை மிச்சம், ஊசியில் உள்ள நம்பிக்கை குளிசைக்கும் வருகிறது. ஆனால் எனக்குப் பயமும் அதிலேதான். ஆறு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது முதல் வயதில் மலேரியாக் காய்ச்சல் 30 சதவீதம் அளவுதான் குறைந்தது. பெரிய விஷயம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை, 2010இலேயே உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்ததும் அதனால்தான். ஆனால் ஊசி மாதிரி இதுவும் நோயை நிறுத்திவிடும் என்று தாய் நினைத்துக்கொண்டு போய், அடுத்த கிழமையே பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அவள் குளிசையை மட்டுமா சந்தேகிப்பாள்? தட்டம்மை ஊசிக்கும் வராமல் விட்டால் என்ன செய்வீர்கள்?

அதனால் முதலே சொல்லிவிடுங்கள், இது குறைக்கும், முற்றாகத் தடுக்காது, வலைக்குள்தான் படுக்க வைக்க வேண்டும், காய்ச்சல் வந்தால் உடனே இரத்தம் சோதிக்க வேண்டும் என்று. வீட்டில் பிள்ளையின் அம்மம்மாவும் தகப்பனும் கேட்பார்கள், அவர்களுக்கும் பதில் வேண்டும். அப்புறம், போகும்போது நாரஹேன்பிட்டவில் மலேரியாத் தடை இயக்கத்தில் உனக்குத் தந்த குளிசையைப் போடுகிறாய்தானே? நீயும் நோயில்லாமல்தான் அதை விழுங்குகிறாய். அந்தத் தாய்மாரிடம் அதைச் சொல்லிப் பார்.

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் நோதான். கொழும்பு வந்த பிறகு காய்ச்சல் கண்டால் பனடோலைப் போட்டுக்கொண்டு கிடக்காமல், ஆபிரிக்காவில் இருந்து வந்தவன் என்று டொக்டரிடம் முதலே சொல்லு.

அன்புடன்,
ரவி