ஜப்பானிய முகமனுக்கு ரூமி வேண்டாம், தமிழ் எழுத்தே போதும்

ஆசிரியருக்கு,

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வேலைக்குச் சேரும் நம் பிள்ளைகள் பலர், ஜப்பானிய முகமன் சொற்களை ரூமியில், அதாவது ஆங்கில எழுத்தில், அச்சடித்த தாளைப் பார்த்துத்தான் மனப்பாடம் செய்கிறார்கள். பிழை அங்கேயே தொடங்கிவிடுகிறது. நெடிலைக் காட்டும் கோடு ரூமியில் பெரும்பாலும் விடுபட்டுப் போகும். ஜப்பானியத்திலோ குறில் ஒரு சொல், நெடில் வேறு சொல். 'ஒபஸன்' என்றால் அத்தை, 'ஒபாஸன்' என்றால் பாட்டி. மார்க்கெட்டில் மீன் விற்கும் அத்தையைப் பாட்டி என்று கூப்பிட்டால் என்ன கிடைக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒ, ஓ என்று தனித்தனி எழுத்து நம்மிடம் இருக்கிறது. காலை வணக்கத்தை 'ஒஹயோ' என்று எழுதிக்கொண்டால் முதல் எழுத்து குறில், கடைசி நெடில் என்பது பார்த்தவுடன் தெரியும். கைதட்டிச் சொல்லிப் பாருங்கள்: நெடிலுக்கு இரண்டு தட்டு, ஆக மொத்தம் நான்கு. நம் மாத்திரைக் கணக்கேதான். ஒற்றில்தான் கணக்கு மாறும். நமக்கு ஒற்று அரை மாத்திரை, அவர்களுக்கு முழுத் தட்டு. பகல் வணக்கமான 'கொன்னிசிவ' என்பதில் கொ, ன், னி, சி, வ என்று ஐந்து தட்டு. 'சி'யைப் 'பூச்சி'யில் வருவதுபோல் அழுத்தி, ஆனால் ஒற்றில்லாமல் சொல்ல வேண்டும். கடைசி எழுத்து 'வ'. நம்மவர்கள் 'வா' என்று இழுத்துவிடுகிறார்கள்.

மரியாதைக்காகச் சேர்க்கும் 'கொஸைமஸு'வின் ஈற்று உகரம் நம் குற்றியலுகரத்தைவிடவும் தேய்ந்து 'மஸ்' என்றே காதில் விழும். தமிழ் எழுத்து கைவிடும் இடமும் உண்டு. நன்றி சொல்லும் 'அரிகதோ'வின் 'தோ'வை நாம் மென்மையாக்கிவிடுவோம். அது 'தோட்ட'த்தின் 'தோ'. 'அரிகத்தோ' என்று எழுதினால் ஒரு தட்டு கூடிவிடும். அந்த எழுத்தின் கீழ் ஒரு கோடு போட்டுக்கொள்வதே வழி.

'ஒஹயோ'வை மலாய்க் காலை வணக்கமான 'செலாமாட் பாகி'க்கு நேராக வைத்துப் படித்தவர்கள் இரவு ஷிஃப்டில் திகைப்பார்கள். பல ஜப்பானிய வேலையிடங்களில் இரவு எட்டு மணிக்கு வேலை தொடங்குபவரும் 'ஒஹயோ கொஸைமஸு' என்றுதான் சொல்வார். அன்றைக்கு முதன்முதலாகப் பார்க்கிறோம் என்பதே கணக்கு. கூட்டாளிக்கு 'ஒஹயோ' போதும், மேலாளருக்குக் 'கொஸைமஸு' கட்டாயம். 'கொன்னிசிவ'வோடு அதை ஒட்ட முடியாது. 'இன்றைய நாளோ...' என்று தொடங்கிப் பாதியில் நின்ற வாக்கியம் அது. வீட்டாரிடம் அதைச் சொல்வதில்லை, தினமும் பார்க்கும் அலுவலகத்தாரிடமும் பொருந்தாது.

வேலை முடிந்து கிளம்பும்போது 'ஸயோனர' வேண்டாம், நெடுநாள் பிரிவதுபோல் ஒலிக்கும். 'ஒஸகி நி ஷிட்ஸுரேஷிமஸு' என்று சொல்லிக் கிளம்புங்கள். 'உங்களுக்கு முன்னால் போகிறேன், மன்னிக்கவும்' என்று பொருள். இருப்பவர் 'ஒட்ஸுகரெஸம தெஷித' என்பார், உங்கள் உழைப்புக்கு நன்றி என்பதுபோல. அதே பொருளில் 'கொகுரோஸம' என்று ஒன்றையும் காதில் கேட்கலாம். அது மேலதிகாரி கீழே உள்ளவருக்குச் சொல்வது. புதிதாகச் சேர்ந்தவர் அதை மேலாளரிடம் திருப்பிச் சொல்லக் கூடாது.

நமக்கு மிகச் சுலபமாக வருவது 'இத்தெகிமஸு'. 'இத்தெ' என்றால் போய், 'கிமஸு' என்றால் வருகிறேன். வாசலில் நின்று 'போறேன்' என்று சொல்லாமல் 'போயிட்டு வரேன்' என்கிறோமே, எழுத்துக்கு எழுத்து அதுதான். உள்ளேயிருந்து 'இத்தெரஷ்ஷை', அதாவது 'போயிட்டு வாங்க' என்று பதில் வரும். திரும்பி வந்ததும் 'வந்துட்டேன்' என்பதற்கு 'ததைம', அதற்கு 'வாங்க' என்பதுபோல் 'ஒகயெரி'.

வணக்கம் போட்டுப் பழகிய கைகளை மட்டும் இங்கே அடக்க வேண்டும். கைகூப்புவது அவர்களுக்குப் பெரும்பாலும் கோயிலிலும், சாப்பாட்டுக்கு முன் 'இததகிமஸு' சொல்லும்போதும்தான். மற்ற நேரத்தில் கை உடலோடு ஒட்டியிருக்கட்டும். நடைவழியில் எதிர்ப்பட்டால் 15 பாகை, வாடிக்கையாளர் முன் 30 பாகை குனிந்தால் போதும். முதலில் சொல்லி முடித்துவிட்டுப் பிறகு குனியுங்கள். குனிந்துகொண்டே சொன்னால் குரல் தரைக்குத்தான் போகும்.

ஜப்பானிய மொழி ஆசிரியர்கள் இருவர்,
ஜோர்ஜ்டவுன், பினாங்கு