ஞாயிறு மாலைகளில் மௌலானா: தில்லியிலிருந்து ஒரு நன்றி மடல்

அன்பு உறவுகளே, வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

மௌலானா அபுல் கலாம் ஆசாத்தைப் பற்றி எங்கள் வாசிப்பு வட்டம் நடத்திவந்த ஞாயிறு கூட்டங்கள், அவருடைய பிறந்தநாளான நவம்பர் 11 அன்று நிறைவடைந்தன. ஆர்.கே.புரத்தில் ஒரு வீட்டுக் கூடத்தில் நாலைந்து பேர் கூடிப் பேசிக் கலைவோம் என்று நினைத்துத் தொடங்கியது, செருப்பு விட இடமில்லாமல் மாடிப்படி வரை நிற்கும் அளவுக்கு வந்துவிட்டது. கை கொடுத்தவர்களுக்கு முறையாக நன்றி சொல்ல வேண்டும். பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால் ஊரையும் தொழிலையும் வைத்தே எழுதுகிறேன். யார் யார் என்று நம்மவர்களுக்குத் தெரியும்.

"தமிழ்க்காரர்கள் கூடி உருது மௌலானாவைப் பற்றி என்ன பேசப் போகிறீர்கள்?" என்று ஆரம்பத்தில் கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். நம் பிள்ளைகளுக்கு ஆசாத் என்றால் ஒரு மதிப்பெண் கேள்வி: இந்தியாவின் முதல் கல்வி அமைச்சர் யார்? அதற்குமேல் பாடப்புத்தகம் போகாது. ஆனால் ஓர் ஆலிம் (இஸ்லாமிய மார்க்க அறிஞர்) அரசியலுக்கு வந்தால் மதத்தைக் கொடியாகப் பிடிப்பார், இல்லையென்றால் மதத்தை வாசலில் விட்டுவிட்டு வருவார் என்றே நாம் நினைக்கிறோம். குர்ஆனுக்கு உரை எழுதிய கையாலேயே காங்கிரஸ் தலைவராகக் கையெழுத்துப் போட்ட ஒருவர் இந்த இரண்டு கணக்கிலும் அடங்கமாட்டார். அதைத்தான் பேச நினைத்தோம்.

முதல் நன்றி ஓக்லாவில் இருக்கும், நாங்கள் மரியாதையாக ஹஜ்ரத் என்று அழைக்கும் ஆலிமுக்கு. ஆம்பூர்க்காரர், வேலூர் பாக்கியாத் அரபிக் கல்லூரியில் ஓதியவர். உருதுப் பக்கங்களைக் கையில் வைத்துக்கொண்டு, எழுதி வைத்ததை வாசிப்பதுபோல் தடங்கலில்லாத தமிழில் சொல்லிக்கொண்டே போவார். அவர் இல்லாவிட்டால் எங்களுக்கு ஆசாத் ஆங்கிலப் புத்தகங்கள் வழியாக மட்டுமே கிடைத்திருப்பார்.

ஆசாத்தின் இளமையை ஹஜ்ரத் விரித்துச் சொன்ன மாலை மறக்காது. 1888இல் மக்காவில் பிறந்தவர். தந்தை மௌலானா கைருத்தீன் நிறைய முரீதுகள் (சீடர்கள்) கொண்ட பீர், அதாவது சூஃபி குரு. கல்கத்தாவில் குடும்பம் குடியேறிய பிறகு வீட்டு வாசலில் எந்நேரமும் கூட்டம். அந்தப் பீடம் மகனுக்குத்தான் வரவேண்டியது. கையை முத்தமிட வரிசையில் நிற்கும் சீடர்களைக் கண்டே அவருக்கு ஒவ்வாமல் போனது. நவீனக் கல்விக்காக வாதாடிய சீர்திருத்தவாதி சர் சையது அகமது கான் பெயரையே வீட்டில் சொல்லக்கூடாத நிலையில் அவர் எழுத்தைத் தேடிப் படித்தார், நம்பிக்கையே ஆட்டம் காணும் சில ஆண்டுகளைக் கடந்து, தானே தேடிய வழியில் மார்க்கத்துக்குத் திரும்பினார். "முன்னோர் சொன்னதால் நம்புவது வேறு, தேடி நம்புவது வேறு. இந்த மனுஷன் இரண்டாவது ஆள்" என்றார் ஹஜ்ரத்.

அதே ஹஜ்ரத் புகழ்ச்சியோடு நிறுத்தவும் விடவில்லை. 1912 ஜூலையில் கல்கத்தாவில் தொடங்கிய அல் ஹிலால் வார இதழின் நடையைச் சொல்லிக் காட்டினார். ஆங்கிலேயருக்கு விசுவாசமாக இருப்பதே பாதுகாப்பு என்று நம்பிய சமூகத்தைப் பார்த்து, அடிமைத்தனத்தை ஏற்பது குர்ஆனுக்கே விரோதம் என்று எழுதிய, இருபதுகளில் இருந்த இளைஞர். அரசு பொறுக்குமா? 1914இல் இதழ் நின்றது, 1916இல் வங்காளத்தை விட்டே வெளியேற்றி ராஞ்சியில் காவலில் வைத்தார்கள். 1920 பிறக்கும்போதுதான் விடுதலை. ஆனால் அந்த அல் ஹிலால் ஆசாத் முஸ்லிம்களை மட்டும் தனியே அணி திரட்டப் பார்த்தவர் என்பதையும் ஹஜ்ரத் மறைக்கவில்லை. ஹிஸ்புல்லா என்று ஓர் அமைப்பே தொடங்கினார். பின்னாளைய ஆசாத்தை அதில் தேடினால் கிடைக்கமாட்டார். மாறினார், படிப்படியாக மாறினார். அந்த மாற்றத்துக்கும் ஆதாரத்தை மார்க்கத்துக்குள்ளிருந்தே எடுத்தார் என்பதுதான் விஷயம்.

ஒரே ஓர் உதாரணம் சொல்கிறேன், ஏனென்றால் இதைக் கேட்டபோது கூடத்தில் சலசலப்பு எழுந்தது. 1919 ஏப்ரலில் ரௌலட் சட்ட எதிர்ப்பு உச்சத்தில் இருந்தபோது, ஆரிய சமாஜத்துச் சுவாமி சிரத்தானந்தர் தில்லி ஜும்ஆ மசூதியில் ஏறி நின்று பேசினார். முஸ்லிம் அல்லாதவர் பள்ளிவாசலில் எப்படிப் பேசலாம் என்று பிறகு சிலர் கிளப்பினார்கள். ராஞ்சிக் காவலில் இருந்த ஆசாத், அது தாராளமாகக் கூடும் என்று ஆதாரங்களைத் திரட்டி ஒரு நூலே எழுதினார். "காலம் மாறிவிட்டது, அனுசரித்துப் போங்கள்" என்று சொல்லியிருந்தால் எதிர்த்தரப்பு சிரித்துவிட்டுப் போயிருக்கும். கிதாபை எடுத்துப்போட்டால் பதில் சொல்லியாக வேண்டும்.

குர்ஆனின் முதல் அத்தியாயமான சூரத்துல் ஃபாத்திஹாவுக்கு ஆசாத் எழுதிய விரிவுரையையும் ஹஜ்ரத் கொஞ்சம் தொட்டார். இறைவன் அகிலத்தார் அனைவரையும் வளர்த்துக் காப்பவன், தீன் (மார்க்கத்தின் அடிப்படை) ஒன்றுதான், ஷரீஅத்துகள் (நடைமுறைச் சட்டங்கள்) காலத்துக்கும் மக்களுக்கும் ஏற்ப வேறுபடும் என்பது அதன் சாரம். கூட்டத்தில் இருந்த இன்னொரு ஆலிம் இதை ஏற்கவில்லை. இருவரும் மக்ரிப் நேரம் வரை பேசி, தொழுதுவிட்டு வந்தும் பேசினார்கள். அவருக்கும் நன்றி.

அப்புறம், வீட்டைத் திறந்துவிட்ட மாமி. முன்பணம் வாங்கிக்கொண்ட ஒரு மண்டபம் தலைப்பைக் கேட்டதும் கைவிரித்துவிட்டது. எந்த மண்டபம் என்பது இங்கே தேவையில்லை. "நம்மாத்துக் கூடம் சும்மாத்தானே கிடக்கு" என்று ஒரே வார்த்தையில் பிரச்சினையை முடித்தவர் மாமி. மயிலாப்பூரிலிருந்து மாமாவின் வேலைக்காகத் தில்லிக்கு வந்தவர், இன்னும் பீபரி காப்பிக்கொட்டையைத்தான் அரைக்கிறார். தொழுகைக்கு எந்தப் பக்கம் கிப்லா என்று விசாரித்து, அந்தப் பக்கம் இருந்த ஷோகேஸை நகர்த்தி வைத்தார். யாரும் கேட்கவில்லை.

அவர் கூடத்தில்தான் அகமதுநகர் கோட்டைப் பகுதியை வாசித்தோம். 1942 ஆகஸ்ட் 9 விடியலில் பம்பாயில் காங்கிரஸ் செயற்குழுவே கைதானது. நேரு, பட்டேல், கிருபளானி, பந்த் எல்லாரும் ஒரே கோட்டையில். தலைவர் ஆசாத். விடிவதற்கு வெகுமுன்பே எழுந்து, தன் கையால் தேநீர் தயாரித்து, அனுப்ப முடியாத கடிதங்களை நண்பருக்கு எழுதிக்கொண்டிருந்தார். அறைக்குள் கூடு கட்ட வந்த சிட்டுக்குருவிகளோடு முதலில் போர் தொடுத்து, தோற்று, பிறகு அரிசி போட்டு அவற்றைக் கைக்கு வரவழைத்த கதை அந்தக் கடிதங்களில்தான் இருக்கிறது. தேநீரில் அவர் பெரிய பிடிவாதக்காரர். மல்லிகை மணக்கும் சீனத் தேயிலைதான் வேண்டும். இந்தியர்கள் பாலை ஊற்றி ஒருவகைத் திரவ அல்வா காய்ச்சிவிட்டு, டீ குடித்தோம் என்று மகிழ்கிறார்கள் என்று நொந்துகொள்கிறார். இதை வாசித்ததும் மாமி, "பாவம், அவருக்கு யாரும் டிகிரி காப்பி குடுக்கலை" என்றார். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமானது.

அதே கோட்டையில்தான் 1943 ஏப்ரல் வந்தது. கல்கத்தாவில் மனைவி சுலைஹா பேகம் சாகக்கிடந்தார். அரசாங்கத்திடம் கோரிக்கை வைத்தால் போய்ப் பார்க்க வழி பிறக்கும் என்று சிறை அதிகாரி குறிப்புக் காட்டினார். கேட்க மாட்டேன் என்றுவிட்டார் ஆசாத். பேகம் இறந்தார். 1945இல் விடுதலையாகி ஊர் திரும்பிய நாளில், வரவேற்பில் கிடைத்த மாலைகளில் ஒன்றைக் கொண்டுபோய்க் கல்லறையில் வைத்து ஃபாத்திஹா ஓதியதாக அவரே எழுதியிருக்கிறார். இதில் எனக்கு இன்னமும் உடன்பாடில்லை. கேட்டிருக்கலாம். மாமியும் அதையேதான் சொன்னார். காந்தி உட்படப் பெரியவர்கள் பலர் வீட்டுப் பெண்களின் கணக்கை இப்படித்தான் தீர்த்திருக்கிறார்கள்.

இப்போது காயல்பட்டினத்துக் காக்காவுக்கு (அவர்கள் ஊரில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) வருகிறேன். கரோல்பாகில் ரத்தின வியாபாரம். மூன்று தலைமுறையாக முஸ்லிம் லீக் குடும்பம். அவர் வந்த முதல் நாளே, "உங்க மௌலானா தோத்துப்போன ஆளு. அதையும் பேசுவீங்களா, இல்லை மாலை மட்டும்தானா?" என்று கேட்டார். பேசினோம். அவர் வந்ததால்தான் எங்கள் கூட்டம் துதிபாடும் கூட்டமாக ஆகாமல் தப்பியது.

1940 மார்ச்சில் ராம்கர் காங்கிரசில் ஆசாத் சொன்னதைப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். நான் முஸ்லிம், 1300 ஆண்டு மரபு என் சொத்து, அதில் சிறிதளவும் இழக்கச் சம்மதியேன், அதே சமயம் பிரிக்க முடியாத இந்திய ஒற்றுமையில் நான் ஓர் அங்கம் என்ற பேச்சு. சில நாட்களிலேயே லாகூரில் லீக், முஸ்லிம்களுக்குத் தனி அரசுகள் கோரும் தன் தீர்மானத்தை நிறைவேற்றியது. ஜனம் எந்தப் பக்கம் போனது என்று காக்கா கேட்டார். அந்த ஜூலையில் ஜின்னா அவரைக் காங்கிரஸ் காட்சிக்கு நிறுத்திய பொம்மை என்று தந்தியிலேயே இகழ்ந்தார். அலிகர் ரயில் நிலையத்தில் அங்கத்திய முஸ்லிம் பல்கலைக்கழக மாணவர் கூட்டம் அவரை அவமதித்தது. (பின்னாளில் அதே பல்கலைக்கழகத்தைக் காப்பாற்ற ஜாகிர் உசேனைத் துணைவேந்தராக அனுப்பிவைத்த அரசில் கல்வி அமைச்சர் இதே ஆசாத்.) 1942இல் நம் ராஜாஜி சென்னைச் சட்டமன்றக் காங்கிரசாரை வைத்துப் பிரிவினைக் கோரிக்கையை ஒப்புக்கொள்ளலாம் என்று தீர்மானம் போட்டபோது, தலைவர் என்ற முறையில் எதிர்த்தவர் ஆசாத். ராஜாஜி செயற்குழுவை விட்டு விலகினார். ஐந்து ஆண்டில் பிரிவினை வந்தேவிட்டது.

காக்காவின் முக்கியமான வாதம் அதற்குப் பிந்தையது. 1947 டிசம்பரில் லக்னோவில் முஸ்லிம்களைக் கூட்டி, இனி தனிக் கட்சி வேண்டாம் என்றார் ஆசாத். நம் காயிதே மில்லத் இஸ்மாயில் சாகிப் அதைக் கேட்கவில்லை. 1948 மார்ச் 10 அன்று சென்னையில் இந்திய யூனியன் முஸ்லிம் லீக் பிறந்தது. "கட்சியைக் கலைச்சிருந்தா எங்க குரலை யார் கேட்டிருப்பா?" என்றார் காக்கா. வடக்கில் பிரிவினையின் ரத்தம் காயாத நேரத்தில் ஆசாத் சொன்னது ஒரு நிலைமை, தெற்கில் காயிதே மில்லத் பார்த்தது வேறு நிலைமை என்று ஹஜ்ரத் பதில் சொன்னார். நான் ஹஜ்ரத் கட்சி. ஆனாலும் காக்காவுக்கு முழுப் பதில் எங்களில் யாரும் சொல்லிவிடவில்லை.

மத்திய அரசு அலுவலகமான சாஸ்திரி பவனில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற லோதி காலனி சாருக்கும் நன்றி. அமைச்சர் ஆசாத்தைச் சுருக்கமாக, ஆனால் உருப்படியாகச் சொன்னவர் அவர். 1951இல் கரக்பூரில் முதல் ஐஐடி, 1953இல் பல்கலைக்கழக மானியக் குழு, அடுத்தடுத்து சங்கீத நாடக, சாகித்திய, லலித கலா அகாதமிகள். 1952இல் இடைநிலைக் கல்விக் குழுவுக்குத் தலைவராக நம் லட்சுமணசாமி முதலியாரை அமர்த்தியதும் அவர் காலத்தில்தான். ஆசாத்தின் சுயசரிதையில் முத்திரையிட்டு வைத்து 1988இல் திறந்த 30 பக்கங்களின் கதையையும் சார் சொன்னார். 1946இல் காங்கிரஸ் தலைமைக்குப் பட்டேலை ஆதரிக்காததைத் தன் பிழையென்று முழுப் பதிப்பில் ஆசாத் ஒப்புக்கொள்கிறார். அன்று பட்டேல் ரசிகர்கள் ரொம்ப நேரம் வீட்டுக்குப் போகவில்லை.

கடைசி நாள் பழைய தில்லி நடை. ஏற்பாடு முழுவதும் ஜாமியா மில்லியா பல்கலைக்கழகத்தில் படிக்கும் திருச்சித் தங்கையும் அவள் தோழிகளும். ஜும்ஆ மசூதிக்கும் செங்கோட்டைக்கும் நடுவே ஆசாத் அடங்கியிருக்கிறார். ஹபீப் ரகுமான் வடிவமைத்த மெல்லிய வெள்ளை விதானம், மற்றபடி ஆடம்பரம் இல்லை. நாங்கள் போனபோது கேட் பூட்டிக் கிடந்தது. மீனா பஜாரில் சால்வை விற்கும் ஒரு பெரியவர் கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, சாவிக்காரரைத் தேடிக் கூட்டிவந்தார். டீக்குக் காசு கொடுத்தால் வாங்கவில்லை. நம் தமிழ் அவருக்குப் புரியாது, ஆனாலும் இந்த மடலில் அவருக்கு இடம் உண்டு.

பிறகு மசூதிப் படிக்கட்டில் உட்கார்ந்து 1947 அக்டோபரில் ஆசாத் அங்கே பேசியதைத் தங்கை தமிழில் வாசித்தாள். ஊரை விட்டு ஓடத் துடித்த மக்களிடம் பேசிய பேச்சு. நான் உங்களைக் கூப்பிட்டேன், என் நாக்கை அறுத்தீர்கள். பேனாவை எடுத்தேன், கையை வெட்டினீர்கள் என்று குத்திக்காட்டிவிட்டு, நேற்று யமுனைக் கரையில் உளூச் செய்த (தொழுகைக்குக் கைகால் கழுவிய) கூட்டம் இன்று இங்கே வாழ அஞ்சுகிறதே என்று கேட்டு, போகாதீர்கள் என்கிறார். காக்கா அன்று ஒன்றும் வாதாடவில்லை. பிரதியை மட்டும் தனக்கு ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

நாற்காலி சுமந்த முனீர்க்கா தம்பிகள், குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட மயூர் விகார் அக்கா, சமோசா சூடாக வரும்படி பார்த்துக்கொண்ட ஆட்டோக்கார அண்ணன் எல்லாருக்கும் நன்றி. வரவு செலவுக் கணக்கு மாமி வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறது. மீதிப் பிரதிகள் திருச்சித் தங்கையிடம் உண்டு, அச்சுக்கூலி கொடுத்தால் போதும்.

அடுத்தது, காக்காவின் வற்புறுத்தலால், காயிதே மில்லத். பொங்கல் கழித்து முதல் ஞாயிறு மாலை, அதே கூடம். அன்று எதிர்க்கட்சி வரிசையில் தான் உட்காருவதாக ஹஜ்ரத் சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
வாசிப்பு வட்டத்துக்காக,
ஆர்.கே.புரம், புதுதில்லி