சரம் தொங்கிய உயரம்

அன்பு மகள் செல்விக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. நேற்று போனில் நீ அழாத குறையாகப் பேசியது மனதிலேயே கிடக்கிறது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நொறுக்குத்தீனி பாக்கெட் கேட்டுக் கதிர் தரையில் புரள்கிறான் என்றாய். அவனை அடிக்காதே. அந்தப் பழியில் எனக்கும் பங்கு உண்டு.

முப்பது வருடம் கடை வைத்தவன் சொல்கிறேன். அந்தப் பாக்கெட் சரங்களை நான் எங்கே தொங்கவிட்டிருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? கல்லாவுக்கு முன்னால், ஐந்து வயதுப் பிள்ளை எட்டிப் பறிக்கும் உயரத்தில். அதே கடையில் மூட்டை நிறைய நிலக்கடலை இருந்தது. ஒரு பிள்ளைகூட அதைக் கேட்டதில்லை. கேட்டாலும் உரித்து, வறுத்து யார் கொடுப்பது? பாக்கெட்டைக் கிழித்தால் போதும், வாய்க்குப் போய்விடும்.

அவன் நாலு மணிக்கு வருகிறான், நீ வர ஆறரை ஆகிறது. அந்த நாலு மணிக்கு மேசையில் ஏதாவது தயாராக இருக்க வேண்டும், அவ்வளவுதான் சங்கதி. காலையில் இட்லி வேகும்போதே கொப்பரை மேல்தட்டில் இரண்டு சீனிக்கிழங்கை வை. வாரம் ஒருநாள் நிலக்கடலையை உப்புப் போட்டுத் தோலோடு அவி. ஓட்டைக் கடித்ததும் உள்ளிருக்கும் உப்புத்தண்ணீர் நாக்கில் தெறிக்குமே, சின்ன வயதில் நீ அதை உறிஞ்சிவிட்டுத்தான் பருப்பைத் தின்பாய். கதிருக்கு ஏழு வயது, பயமில்லை. சின்னவளுக்கு முழுக்கடலை இப்போது வேண்டாம், புரையேறும்.

முதல் நாளே தின்றுவிடுவான் என்று நினைக்காதே. பழகாத பண்டம் எட்டுப் பத்துத் தடவையாவது தட்டுக்கு வந்தால்தான் பிள்ளைகள் தொடுவார்கள். கேழ்வரகுப் புட்டை நீ எத்தனை நாள் தள்ளிவிட்டாய்! கேழ்வரகு மாவில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது, அதே எடைப் பாலில் 120 அளவுதான். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. சர்க்கரை வந்த பிறகுதான் பாக்கெட்டைத் திருப்பிப் படிக்கவே ஆரம்பித்தேன். எடையில் எது அதிகமோ அதைத்தான் முதலில் அச்சிடுவார்கள். மாவு, அடுத்தது பாமாயில் என்று இருந்தால் எதை வாங்குகிறோம் என்று புரிந்துவிடும்.

அதற்காக அடியோடு நிறுத்திவிடாதே, ஒளித்துத் தின்பான். ஞாயிற்றுக்கிழமை ஒரு பாக்கெட்டைத் தட்டில் கொட்டி எல்லோரும் சேர்ந்து தின்னுங்கள். ஆனால் "சோறு தின்றால் பாக்கெட் தருகிறேன்" என்று மட்டும் சொல்லாதே. சோறு தண்டனை, பாக்கெட் பரிசு என்று ஆகிவிடும்.

பனங்கிழங்கு வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை பஸ்ஸில் இரண்டு கட்டு போட்டுவிடுகிறேன். மஞ்சளும் உப்பும் போட்டு அவி. நாரை நீ உரிக்காதே, கதிரே உரிக்கட்டும். நடுக்குருத்துக்கு நீயும் தம்பியும் போட்ட சண்டையை அவனிடம் சொல்லு.

அன்புடன்,
அப்பா